துலூஸ் நகரத்துச் செங்கல் தேவாலயம்: கட்டடக்கலை மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பழங்கட்டடங்களை அளந்து வரைபடம் தீட்டும் மாணவ மாணவியர்க்கு,

கோயிலாயினும் பள்ளிவாசலாயினும் தேவாலயமாயினும், பழைய கட்டடம் ஒன்றை அளந்து வரையும் மாணவர்கள் தங்கள் வரைபடத் தொகுதியின் முதல் பக்கத்தில் அதன் வரலாற்றை ஒரு பத்தியில் எழுதிச் சேர்ப்பது வழக்கம். இன்னார் கட்டினார், இன்ன ஆண்டில் முடிந்தது, பின்னர் சிதைந்தது, அண்மையில் புதுப்பிக்கப்பட்டது என்னும் நான்கு செய்திகளோடு அப்பத்தி பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ‘பின்னர் சிதைந்தது’ என்று எழுதிக் கடந்துவிடும் காலம் சில கட்டடங்களில் நூறு, இருநூறு ஆண்டுகள் நீள்வதுண்டு. அந்த ஆண்டுகளில் அங்கே குடியிருந்தவர்களும் வேலை பார்த்தவர்களும் சுவரில் செய்த மாற்றங்கள் வரைபடத்தில் இடம்பெறத் தக்கவை என்பதைத் தென்பிரான்சின் துலூஸ் நகரில் உள்ள ஜாக்கோபின் தேவாலயத்தின் வரலாற்றைக் கொண்டு எடுத்துரைப்பதே இம்மடலின் நோக்கம்.

கோதிக் பாணி என்றதும் தமிழ்நாட்டு மாணவர்க்கு நினைவுக்கு வருபவை 1896இல் இன்றைய வடிவில் எழுப்பப்பட்ட சென்னைச் சாந்தோம் பேராலயமும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட புதுச்சேரித் திருஇருதயப் பேராலயமும் ஆகும். இவை இரண்டும் ஐரோப்பாவின் இடைக்காலப் பாணியைப் பிற்காலத்தில் பின்பற்றியவை. மூலப் பாணி பன்னிரண்டாம் நூற்றாண்டில் வடபிரான்சில் பிறந்தது. உச்சியில் கூர்மையாக முடியும் வளைவு, கூரையின் எடையைச் சில கோடுகளில் திரட்டித் தூண்களுக்கு இறக்கிவிடும் விலா வளைவுகள், கூரை சுவரை வெளிப்புறமாகத் தள்ளும் விசையை எதிர்த்து நிற்கும் உதைசுவர்கள் ஆகிய மூன்றும் அதன் அடிப்படை உறுப்புகள். வடக்கே கட்டியவர்கள் உதைசுவரைக் கட்டடத்திலிருந்து விலக்கி நிறுத்தி, வான்வெளியில் ஓர் அரைவளைவால் அதைச் சுவரோடு இணைத்தார்கள். கட்டுதற்கு ஏற்ற கல் அருகில் கிடைக்காத துலூஸிலோ, கரோன் ஆற்றங்கரை வண்டலைச் சுட்டெடுத்த செங்கல்லே முதன்மைப் பொருளாயிற்று. உதைசுவர்கள் கட்டடத்தோடு ஒட்டியே நின்றன, அவற்றுக்கு இடைப்பட்ட பள்ளங்கள் சிறு வழிபாட்டு அறைகளாயின, உள்ளே அகன்ற ஒரே கூடம் கிடைத்தது. தென்னகக் கோதிக் என்று பிரெஞ்சு அறிஞர் குறிப்பிடுவது இதைத்தான்.

இக்கட்டடத்தை எழுப்பியவர்கள் தோமினிக் சபைத் துறவியர். தமிழ்க் கத்தோலிக்கர் சாமிநாதர் என்று அழைக்கும் புனித தோமினிக், ஸ்பெயினிலிருந்து வந்து, கதார் என்னும் மாற்றுச் சமயப் பிரிவு வேரூன்றியிருந்த துலூஸ் பகுதியில் போதனை செய்து, 1215இல் அந்நகரில் ஒரு சிறு குழுவை நிறுவினார்; அடுத்த ஆண்டு டிசம்பரில் திருத்தந்தை மூன்றாம் ஒனோரியுஸ் அதற்கு ஒப்புதல் அளித்தார். வயலும் காடும் உடைமையாகக் கொண்டு நகருக்கு வெளியே ஒதுங்கி வாழ்ந்த பழைய மடங்களைப் போலன்றி, இச்சபையினர் நகரின் நடுவே குடியேறி, கையேந்திப் பெற்றதை உண்டு, தெருவிலும் தேவாலயத்திலும் மக்களுக்குப் பிரசங்கம் செய்வதைத் தொழிலாகக் கொண்டவர்கள். கதார்களுக்கு எதிராக 1209 முதல் நடந்த சிலுவைப் போர் 1229இல் உடன்படிக்கையோடு ஓய்ந்தது. அதே ஆண்டில் துலூஸ் பல்கலைக்கழகம் தோன்றியது. அதே ஆண்டில்தான் இப்போதைய இடமும் துறவியர் கைக்கு வந்தது. போர், பல்கலைக்கழகம், தேவாலயம் ஆகிய மூன்றும் ஒரே அரசியலின் விளைவுகள் என்பதைக் கட்டடத்தின் அழகில் மயங்கியோர் மறந்துவிடுகின்றனர்.

1228ஆம் ஆண்டை ஒட்டிச் சபை தனக்கு வகுத்துக்கொண்ட விதிகளில், மடங்கள் எளியனவாக இருத்தல் வேண்டும் என்பதும், வீட்டுச் சுவர் 12 அடிக்கும், மாடியுள்ள சுவர் 20 அடிக்கும், தேவாலயச் சுவர் 30 அடிக்கும் மேற்படலாகாது என்பதும், குருக்கள் அமரும் பகுதிக்கும் திருவுடை அறைக்கும் தவிர வேறெங்கும் கல்லால் வளைகூரை எழுப்பலாகாது என்பதும் அடங்கும். 1230க்கும் 1235க்கும் இடையில் துலூஸில் எழுந்த முதல் கட்டடம் இவ்விதிக்கு உட்பட்டே அமைந்தது: மரக்கூரை வேய்ந்த நீள்சதுரக் கூடம்; அதன் நீளவாக்கில் ஒரே ஒரு வரிசைத் தூண்கள்; அவ்வரிசையால் பிரிக்கப்பட்ட இரண்டு நெடும்பகுதிகளில் ஒன்று துறவியர்க்கு, மற்றொன்று பிரசங்கம் கேட்க வரும் நகரத்தார்க்கு. மூன்று பகுதிகளாகப் பிரித்து நடுப்பகுதியை உயர்த்துவதே தேவாலயங்களின் பொதுவழக்கமாக இருக்க, இங்கே நடுவில் தூண் வந்து நின்றதற்குக் காரணம் முழுக்க முழுக்கப் பயன்பாடு சார்ந்தது. ஒரே கூரையின் கீழ் இரண்டு கூட்டங்கள் ஒன்றையொன்று இடையூறு செய்யாமல் கூட வேண்டியிருந்தது.

இந்த எளிய ஏற்பாடு பின்வந்த நூறு ஆண்டுகளின் கட்டுமானம் முழுவதையும் கட்டுப்படுத்தியது என்பதே மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி. 1240களின் நடுவிலும் 1250களின் தொடக்கத்திலும் கட்டடம் கிழக்கே நீட்டப்பட்டது. 1275க்கும் 1292க்கும் இடையில் அக்கிழக்குப் பகுதி மிக உயரமாக மீண்டும் கட்டப்பட்டபோது, கட்டியவர்களுக்கு ஒரு வடிவியல் சிக்கல் எதிர்ப்பட்டது. நடுவே தூண் வரிசை வரும் கூடம், பலகோண வடிவில் வளைந்து முடியும் கிழக்குச் சுவரைச் சந்திக்கும் இடத்தில் கூரையை எவ்வாறு முடிப்பது? கடைசித் தூணைப் பலகோணத்தின் மையத்திற்கு அருகில் நிறுத்தி, அதன் உச்சியிலிருந்து 22 விலா வளைவுகளைச் சுற்றிலும் விரியச் செய்து, சில சுவர்களின் மீதும் சில எதிர்வளைவுகளின் மீதும் சென்று அமரும்படி அவர்கள் அதைத் தீர்த்தார்கள். தரையிலிருந்து ஏறத்தாழ 28 மீட்டர் உயரத்தில், ஒரே தண்டிலிருந்து நாற்புறமும் ஓலை விரித்ததுபோல் நிற்கும் அத்தூணை ஊரார் ‘பனை’ என்றே வழங்குகின்றனர். கீழிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்கு அது வியப்பைத் தருகிறது. தரைப்படத்தை வரைந்து பார்ப்பவருக்கோ, துறவியரையும் நகரத்தாரையும் பிரித்து உட்காரவைத்த பழைய ஏற்பாட்டிலிருந்து பிறந்த தவிர்க்கவியலாத விடையாகத் தெரிகிறது. முப்பது அடி விதி என்னவாயிற்று என்று கேட்போருக்கு, விதிகளை இயற்றிய தலைமுறை அதற்குள் மறைந்துவிட்டது என்பதற்கு மேல் சொல்வதற்கில்லை.

எண்கோண வடிவில் மாடிமேல் மாடியாக எழும் மணிக்கோபுரம் 1298இல் முடிந்தது. உணவுக்கூடமும், துறவியர் கூடி மடத்து விவகாரங்களைப் பேசும் பேரவைக் கூடமும், இரட்டைப் பளிங்குத் தூண்கள் சூழ்ந்த உள்முற்றத் தாழ்வாரமும் பதினான்காம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டை ஒட்டி எழுந்தன. உள்முற்றத் தாழ்வாரம் என்பது நாற்புறமும் கூரையிட்ட நடைபாதையால் சூழப்பட்ட திறந்தவெளி. துறவியர் மழையில் நனையாமல் உலவவும் படிக்கவும் உரையாடவும் ஏற்பட்டது. இதன் பிறகே பழைய மேற்குப் பகுதியும் கிழக்குப் பகுதியின் உயரத்திற்கு இணையாக எழுப்பப்பட்டு, 1335ஐ ஒட்டி ஏறத்தாழ 80 மீட்டர் நீளமுள்ள ஒரே கூடமாகக் கட்டடம் நிறைவுற்றது. இவ்வளவு துல்லியமாக ஆண்டுகள் கிடைப்பதற்கு முக்கியக் காரணம் பெர்னார்ட் கூய் என்னும் துறவி. கதார் பிரிவினரை விசாரித்துத் தண்டித்த சமயக் குற்ற விசாரணை மன்றத்தின் துலூஸ் நடுவராக 1307 முதல் பணியாற்றிய அதே மனிதர், தம் சபை மடங்களின் தோற்றத்தையும் தலைவர்களையும் குறித்துப் பொறுமையாக வரலாறு எழுதியவரும் ஆவார். கட்டடக்கலை வரலாறு அவருக்குப் பட்ட கடன், மனத்துக்கு உவப்பில்லாத கடன்.

அடுத்த பயன்மாற்றம் வெளியிலிருந்து வந்த ஓர் உடலால் நேர்ந்தது. தோமினிக் சபையின் பேரறிஞரான தாமஸ் அக்குவினாஸ் 1274இல் இத்தாலியில் பொஸ்ஸானோவா மடத்தில் காலமானார். அவருடைய திருப்பண்டங்களை, அதாவது வணக்கத்திற்குரியனவாகப் போற்றப்பட்ட உடல் எச்சங்களை, வைத்துக்கொள்ளும் உரிமைக்காக நெடுங்காலம் நடந்த இழுபறியைத் திருத்தந்தை ஐந்தாம் ஊர்பான் முடித்துவைத்து, அவற்றைத் துலூஸுக்கு அளித்தார். 1369 ஜனவரி 28ஆம் நாள் அவை இத்தேவாலயத்தை வந்தடைந்தன. கத்தோலிக்கத் திருச்சபை முழுவதும் இன்று அவருக்கு விழா எடுக்கும் நாள் அதுவே. பிரசங்கத்திற்கென்று கட்டப்பட்ட கூடம் அன்றுமுதல் யாத்திரைத் தலமும் ஆயிற்று. 1385இல்தான் முறையாக அர்ச்சிக்கவும் பட்டது. ஆக, பிற்காலத்தில் இதைப் பாசறையாக்கிய பட்டாளத்தார் எட்டிப் பார்ப்பதற்கு நெடுங்காலம் முன்பே, ஒரே சபையாரின் கையில் இருந்தபோதே, இக்கட்டடத்தின் தேவையும் தோற்றமும் மூன்று முறையேனும் மாறிவிட்டன. ‘மூலப் பயன்பாட்டுக்கு மீட்டல்’ என்று பேசுவோர் இவற்றுள் எது மூலம் என்பதைச் சொல்லிவிட்டுப் பேசுவது நல்லது.

பதினைந்தாம் நூற்றாண்டு முதல் பதினெட்டாம் நூற்றாண்டு வரையிலான காலத்தை விரைந்து கடந்துவிடலாம். பதினேழாம் நூற்றாண்டில் தாமஸின் திருப்பண்டங்களுக்கு உயரமான பரோக் பாணிக் கல்லறை மாடம் ஒன்று எழுப்பப்பட்டதும், அது பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் அழிந்ததும் குறிப்பிடத் தக்கவை. 1789 நவம்பரில் பிரான்சின் தேசிய அவை திருச்சபைச் சொத்துகளை நாட்டுடைமையாக்கியது. 1790இல் துறவு மடங்கள் கலைக்கப்பட்டன. துலூஸ் துறவியர் வெளியேற, தாமஸின் எச்சங்கள் 1791இல் அதே நகரின் சேன் செர்னேன் பேராலயத்துக்கு மாற்றப்பட்டன. பாரிஸில் இச்சபையாரின் மடம் புனித யாக்கோபு தெருவில் இருந்ததால் பிரான்சில் அவர்களுக்கு ஜாக்கோபின்கள் என்று பெயர். பாரிஸ் மடம் ஒன்றில் கூடிய புரட்சியாளர் கழகமும் அதே பெயரால் அறியப்பட்டதால், இப்பெயரைக் கேட்டதும் புரட்சியாளர் ரோபெஸ்பியரை நினைக்கும் வாசகர் இங்குச் சற்றே தெளிவுபெற வேண்டியிருக்கிறது.

நாட்டுடைமையான மாபெரும் கட்டடங்களை என்ன செய்வது என்னும் கேள்விக்குத் துலூஸ் நகரம் மூன்று விடைகளைத் தந்தது. அகுஸ்தீனியத் துறவியரின் மடம் 1793இல் அருங்காட்சியகமாக ஆணையிடப்பட்டு 1795இல் திறக்கப்பட்டது. பிரான்சிஸ்கன் துறவியரின் பெருந்தேவாலயம் அவர்கள் இடுப்பில் கட்டிய கயிற்றால் கொர்தெலியே என்று பெயர்பெற்றது; அது பின்னாளில் இராணுவத்தின் வைக்கோல் கிடங்காயிற்று. ஜாக்கோபின் மடம் நெப்போலியன் ஆட்சியில், 1810இல், பீரங்கிப் படையின் பாசறையாயிற்று. ஒரே நகரம், ஒரே செங்கல், ஏறத்தாழ ஒரே காலத்துக் கட்டுமானம், மூன்று வெவ்வேறு பயன்கள். ஒப்பிட்டு ஆராய விரும்பும் மாணவர்க்கு இதைவிட நல்ல வாய்ப்பு அமைவது அரிது.

பாசறையான பின்பு நடந்தவற்றை நெருங்கிப் பார்க்கலாம். படைக்கு வேண்டியவை குதிரைகளுக்குக் கொட்டிலும் வீரர்களுக்குப் படுக்கையும்; 28 மீட்டர் உயரமுள்ள காலியிடம் அவர்கள் கண்ணுக்கு வீணான இடம். எனவே தேவாலயக் கூடத்தின் குறுக்கே தளங்கள் போடப்பட்டன. கீழே குதிரைகள், மேலே ஆட்கள் என்று கூடம் அடுக்கடுக்காய் வெட்டப்பட்டது. சன்னல்கள் செங்கல்லால் அடைக்கப்பட்டன, அவற்றின் கல் பின்னல் வேலைப்பாடுகள் உடைந்தன. உள்முற்றத் தாழ்வாரத்தின் நான்கு பக்கங்களில் இரண்டு, படைக்கட்டடங்களுக்கு இடம்விட்டு இடிக்கப்பட்டன. அவற்றின் பளிங்குத் தூண்கள் சிதறிப் பல கைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. பதினான்காம் நூற்றாண்டின் முற்பாதியில் தோமினிக் கிரிமா என்னும் ஆயர் தம் அடக்கத்திற்கென்று கட்டுவித்துத் திருவெளிப்பாடு நூலின் காட்சிகளால் கூரை நிறையத் தீட்டுவித்த சிறு ஆலயம், நோயுற்ற குதிரைகளுக்கு மருத்துவம் பார்க்கும் இடமாயிற்று. அந்த ஓவியங்களில் பெரும்பகுதி இன்றும் எஞ்சியிருப்பது குதிரைகள் அண்ணாந்து பார்க்காததனாலோ என்னவோ.

இந்நிலை எதிர்ப்பின்றித் தொடரவில்லை. 1833இல் மொந்தலம்பேர் என்னும் இளம் எழுத்தாளர், நாடெங்கும் பழங்கட்டடங்கள் அழிக்கப்படுவதைக் கண்டித்து, விக்தோர் யூகோவை விளித்து இதழொன்றில் ஒரு மடல் வெளியிட்டார். பிரான்சில் மரபுக் காப்பு என்னும் இயக்கத்திற்கு உரம் சேர்த்த எழுத்துகளில் அதுவும் ஒன்று. வரலாற்றுச் சின்னங்களின் தலைமை ஆய்வாளர் பதவியை அரசு 1830இல் உருவாக்கியது. 1834இல் அப்பொறுப்பை ஏற்ற எழுத்தாளர் புரோஸ்பேர் மெரிமே தெற்கெங்கும் பயணம் செய்து சின்னங்களின் நிலையைப் பதிவு செய்தார். கட்டடக் கலைஞர் வியோலே லெ துக் தம் புகழ்பெற்ற கட்டடக்கலை அகராதியில் துலூஸ் தேவாலயத்தின் இருபகுதி அமைப்பை எடுத்துக்காட்டாகக் காட்டினார். இருந்தும் பாசறை உடனே கிளம்பவில்லை. மாற்று இடம் கொடுக்கும் வரை இராணுவம் எந்த நாட்டிலும் இடத்தைக் காலி செய்வதில்லை. நகராட்சி வேறு நிலம் தந்து 1865இல்தான் கட்டடத்தைத் திரும்பப் பெற்றது.

இங்கே பாசறைக்காரரைத் திட்டிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. ஆனால் மற்ற இரண்டு மடங்களுக்கு நேர்ந்ததைப் பார்த்தால் தீர்ப்பு அவ்வளவு எளிதாக அமைவதில்லை. வைக்கோல் கிடங்காயிருந்த கொர்தெலியே தேவாலயம் 1871இல் தீப்பிடித்து எரிந்தது. அதன் கோபுரமும் சிறு எச்சங்களுமே இன்று நிற்கின்றன. அத்தேவாலயத்தை ஒட்டி 1330களிலும் 1340களிலும் கட்டப்பட்ட ரியூ சிற்றாலயத்தின் கற்சிலைகளை இன்று அகுஸ்தீனிய அருங்காட்சியகத்தில் காணலாம். சிற்றாலயமே முன்னதாக இடிக்கப்பட்டுவிட்டது. கலைக்காகவே ஒதுக்கப்பட்ட அகுஸ்தீனிய மடத்துக்காவது முழுப் பாதுகாப்பு கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை: அதன் தேவாலயம் 1830களில் கலைக்கோயில் என்னும் பெயரில் செவ்வியல் தூண்களும் பூச்சும் கொண்டு மூடி மறைக்கப்பட்டது, இடைக்காலத்துப் பெரிய உணவுக்கூடம் 1868இல் இடிக்கப்பட்டது. குதிரைகள் கட்டிய ஜாக்கோபின் மடத்தில் உணவுக்கூடம் நிற்கிறது. படங்கள் மாட்டிய அகுஸ்தீனிய மடத்தில் அது இல்லை. பயன்பாடு உயர்ந்ததா தாழ்ந்ததா, புனிதமானதா உலகியல் சார்ந்ததா என்பதைக் கொண்டு கட்டடத்தின் கதியை அளக்க முடியாது என்பதற்கு இந்த ஒரு நகரமே போதிய சான்று. ஒரு பயன் சுவரை உடைத்ததா, சுவரைத் தாங்கியதா, தீப்பற்றும் பொருளை உள்ளே கொண்டுவந்ததா, கூரை ஒழுகினால் ஓடு மாற்ற ஆளும் பணமும் வைத்திருந்ததா என்பவையே கேட்க வேண்டிய கேள்விகள்.

நகராட்சியின் கைக்கு வந்த 1865இலேயே மடத்தில் கலை, தொழில் பொருட்காட்சி ஒன்று நடந்தது. பின்னர் மடத்தின் ஒரு பகுதி அண்டையிலிருந்த அரசு உயர்பள்ளிக்குச் சென்றது. கணித மேதை பியேர் தெ பெர்மாவின் பெயரை இன்று தாங்கி நிற்கும் பள்ளி அது. எதிர்பாராத ஒரு பயனும் 1914இல் வாய்த்தது. முதல் உலகப்போர் தொடங்கிச் செர்மானியப் படை பாரிஸை நெருங்கியபோது, லூவ்ர் அருங்காட்சியகத்தின் முக்கிய ஓவியங்கள் பெட்டிகளில் அடைக்கப்பட்டுத் துலூஸுக்கு அனுப்பப்பட்டு இத்தேவாலயத்தில் வைக்கப்பட்டன. லியனார்டோவின் மோனா லிசாவும் அவற்றுள் ஒன்று. முன்னம் குதிரைகள் நின்ற தரையில் போர் முடியும் வரை உலகின் மிகப் புகழ்பெற்ற ஓவியம் இருந்தது என்பது, கட்டடத்தின் திண்மைக்கு அரசு வழங்கிய சான்றிதழ் என்றே கொள்ளத் தக்கது.

1920 முதல் 1972 வரை, இடையில் மற்றோர் உலகப்போரையும் கடந்து, சீரமைப்பு நடந்தது. இடைத்தளங்களின் தடயங்கள் களையப்பட்டன, அடைத்த சன்னல்கள் திறக்கப்பட்டன, எஞ்சியிருந்த தடயங்களைப் பின்பற்றிச் சுவரின் பழைய வண்ணப் பூச்சு மீட்டுருவாக்கப்பட்டது, கண்ணாடி வேலைக் கலைஞர் மாக்ஸ் ஆங்கிரான் வடபுறச் சன்னல்களுக்குக் குளிர்ந்த நிறங்களிலும் தென்புறச் சன்னல்களுக்கு வெம்மையான நிறங்களிலும் புதிய கண்ணாடிகளை அமைத்தார். உள்முற்றத்தில் அழிந்த இரண்டு பக்கங்கள், சிதறிப்போன தூண்களில் கிடைத்தவற்றைத் தேடிச் சேர்த்து மீண்டும் எழுப்பப்பட்டன. தாமஸ் இறந்து எழுநூறு ஆண்டுகள் நிறைந்த 1974இல் அவருடைய எச்சங்கள் பழைய இடத்துக்குத் திரும்பின.

இச்சீரமைப்பைப் போற்றாதவர் இல்லை. போற்றுதலுக்கு அது தகுதியானதே. ஆயினும் ஒரு குறையைச் சொல்லாமல் விடுவது முறையன்று. வேலை முடியும் தறுவாயில், 1964இல், சின்னங்களின் காப்பும் மீட்பும் குறித்து உலக வல்லுநர்கள் வகுத்த வெனிஸ் சாசனம், ஒரு கட்டடத்தில் எல்லாக் காலங்களும் விட்டுச்சென்ற பயனுள்ள சேர்க்கைகளை மதிக்க வேண்டும் என்றும், ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்புப் பணி நின்றுவிட வேண்டும் என்றும், ஒரே காலத்துத் தோற்றத்தைக் கொண்டுவருவது மீட்பின் குறிக்கோள் அல்லவென்றும் கூறியது. துலூஸ் சீரமைப்பின் போக்கு பெரும்பாலும் இதற்கு முந்திய மனப்பாங்கில் வேரூன்றியது. பதினான்காம் நூற்றாண்டை மீட்கும் ஆர்வத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டு அனேகமாக முழுமையாக அழிக்கப்பட்டது. ஐம்பத்தைந்து ஆண்டுகள் அங்கே உண்டு உறங்கிய படைவீரர்களின் வாழ்வைக் காட்ட ஓர் உத்திரத் துளையையேனும் அடையாளமிட்டு விட்டுவைத்திருக்கலாம். தளங்களை அகற்றியது சரி, அவை இருந்த இடமே தெரியாமல் துடைத்தது மிகை. அதைவிட முக்கியமாக, மீண்டும் கட்டிய தாழ்வாரப் பக்கங்களைப் பழையவற்றோடு சேர்த்துப் பார்க்கும் பயணிகளில் பலர் எல்லாவற்றையும் இடைக்காலத்தது என்றே எண்ணித் திரும்புகின்றனர்.

வேறொரு வழி சாத்தியம் என்பதைக் காட்ட, அதே சபையின் மற்றொரு தேவாலயம் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் இருக்கிறது. 1294இல் அர்ச்சிக்கப்பட்ட அக்கோதிக் கட்டடமும் பிரெஞ்சுப் படையினர் வந்த 1790களில் வழிபாட்டை இழந்தது, அதன்பின் கிடங்கு முதல் மிதிவண்டி நிறுத்துமிடம் வரை பல வேடங்கள் தரித்தது, 2006இல் புத்தகக்கடையாயிற்று. விற்பனைக்குப் போதிய தரைப்பரப்பு இல்லாத சிக்கல் அங்கும் எழுந்தது, துலூஸ் படையினருக்கு எழுந்த அதே சிக்கல். மெர்க்ஸ், கிரோட் என்னும் வடிவமைப்பாளர் இணையர் அதைத் தீர்த்த விதம் வேறு: கறுப்பு எஃகால் பல மாடி கொண்ட ஒரு புத்தக அடுக்கை, கூடத்தின் நடுவிலன்றி ஒரு பக்கமாக, தேவாலயத்தின் உடலிலிருந்து விலகித் தன் காலிலேயே நிற்கும்படி அமைத்தார்கள். மறுபக்கம் கூரை வரை வெறுமையாகவே இருப்பதால் பழைய உயரம் கண்ணுக்குத் தெரிகிறது. மாடியேறிப் புத்தகம் தேடுபவர் கூரை ஓவியங்களுக்கு நெருக்கமாகச் செல்கிறார். நாளை கடை மூடப்பட்டால் எஃகைக் கழற்றி எடுத்துப் போய்விடலாம். அதே தாமஸ் அக்குவினாஸின் வாழ்க்கையைச் சித்திரிக்கும் 1337ஆம் ஆண்டுச் சுவரோவியம் ஒன்றும் அங்கே இருப்பது தற்செயலான ஒற்றுமை. கழற்றி எடுக்கக்கூடிய சேர்க்கை, கழற்ற முடியாத சேர்க்கை என்னும் இவ்வேறுபாடுதான் புதுப் பயன் காணும் பழங்கட்டடங்களுக்கு முதல் அளவுகோல். புத்தகம் குதிரையைவிட மேலானது என்பது இரண்டாம் நிலைக் கருத்தே.

இன்றைய ஜாக்கோபின் தேவாலயம் பங்குக் கோயிலாக இயங்கவில்லை. அது துலூஸ் நகரத்தின் உடைமை. தாமஸின் திருப்பண்டங்கள் பலிபீடத்தின் கீழே இருக்க, ஆண்டில் சில நாட்கள் திருப்பலியும் நடக்க, மற்ற நாட்களில் சுற்றுலாப் பயணிகள் வந்துபோகிறார்கள். உள்முற்றத்தில் நாற்பதாண்டுகளுக்கு மேலாக ஆண்டுதோறும் செப்டம்பரில் பியானோ இசை விழா நடக்கிறது. பழைய உணவுக்கூடத்தில் கண்காட்சிகள் நடக்கின்றன. இவற்றுள் எந்தப் பயனும் நிலையானதென்று யாரும் உறுதி கூற முடியாது. கூற வேண்டியதும் இல்லை.

எனவே மாணவர்களிடம் இம்மடல் வேண்டுவன சிலவே. அளக்கும் கட்டடம் எதுவாயினும், அதில் வெவ்வேறு காலத்தில் நுழைந்த சுவரையும் தளத்தையும் கதவையும் வெவ்வேறு நிறத்தில் காட்டுக. கிடங்காக, பள்ளியாக, சாவடியாக, அலுவலகமாக இருந்த காலங்களைச் சிதைவு என்னும் ஒரே சொல்லில் அடக்காமல் ஆண்டோடு எழுதுக. அடைக்கப்பட்ட சன்னலையும் உத்திரம் செருகிய துளையையும் அழுக்கென்று தள்ளிவிடாமல் அளந்து குறிக்க. சீரமைப்புக் குழுவில் பின்னாளில் இடம்பெறுவோர், எதையேனும் அகற்றுவதற்கு முன் அது இருந்த நிலையில் முழுமையாக வரைந்து வைத்தபின் அகற்றுக. துலூஸுக்குச் செல்ல வாய்ப்புக் கிடைப்போர், தேவாலயத்தினுள் நுழையக் கட்டணம் இல்லை என்பதால் பனைத்தூணைப் பார்த்ததோடு திரும்பிவிட வேண்டாம்; சிறு கட்டணம் செலுத்தி உள்முற்றத்துக்கும் சென்று, நான்கு பக்கங்களில் இருபதாம் நூற்றாண்டில் மீண்டும் கட்டப்பட்ட இரண்டு எவை என்பதைத் தூண்களையும் செங்கல்லையும் பார்த்துத் தாங்களே கண்டறிந்து வரைபடத்தில் குறித்துவருக.